பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை, கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமாக மழையில் தொடங்கி முழங்கால் வலிக்கு வந்து, அதன் பிறகே விஷயத்துக்கு வருகிறவள். அன்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை ஒண்ண நீ காட்டிக் குடுத்துட்டியாமே?"

"யாரு சொன்னது?"

"டவுன்ல துணிக்கடையில வச்சுக் கேக்குறாங்க. உன்னால அந்தக் குடும்பத்துக்கு வீசா இல்லாமப் போகப் போகுதாம். ஊர்க்காரியா இருந்துக்கிட்டு இப்பிடிப் பண்ணலாமான்னு என் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நீ என்ன சொன்ன?"

"அவ சின்னதுல இருந்தே அப்பிடித்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிரித்துவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு நிலைக்கவில்லை. அக்காவின் கேள்விக்கு ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் தாயிடம் முதலில் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேர மட்டும் மாத்துங்க" என்றார். தாயை ரிஸானா என்றும் மகளை ஹனா என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். வீசா விஷயம் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை என்னைப் பற்றிய ஊர்ப் பேச்சும் முடியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

2

மெல்பேர்ணின் மேற்குப் புறத்தில், பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையமொன்றில் நான் பணியாற்றுகிறேன். அதற்கு முன்பு கட்டுகஸ்தோட்டையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். வேலை ஒன்றுதான், நாடு வேறு என்று நினைத்துக்கொண்டு இங்கே வந்தேன். வந்து சில வாரங்களிலேயே, வேலையும் வேறுதான் என்று விளங்கியது.

இங்கே பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் கேட்க வேண்டும். மணலில் விளையாட விருப்பமா, தண்ணீரிலா? இந்தப் படத்தில் இருக்கும் ஆள் ஏன் அழுகிறார் என்று நினைக்கிறாய்? மூன்று வயதுப் பிள்ளையின் முன் முழந்தாளிட்டு, அது யோசித்துச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் விடை எனக்கே தெரியாத ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பதற்கு நான் பழகவேண்டியிருந்தது.

ஹனா நான்கு வயதில் எங்களிடம் வந்தாள். கண்டியில் ஹோட்டலொன்றில் சமையல் வேலை பார்த்த தகப்பன் வேலை வீசாவில் முன்னால் வந்திருக்க, தாயும் மகளும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். ரிஸானாவுக்கு என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க கண்டியா டீச்சர்?"

"அம்பிட்டிய. படிப்பிச்சது உங்க கட்டுகஸ்தோட்டையில."

"யா அல்லாஹ். பாலத்துக்குக் கிட்டவா? மேல் மாடியில ஈந்த ஸ்கூல்? எங்கட சாச்சிட மகன் அங்க தானே படிச்ச."

'இருந்த' என்பதை 'ஈந்த' என்று சொல்லும் அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு எனக்கும் சந்தோஷம். அன்றிலிருந்து அவருக்கு நான் இந்த நகரத்தில் ஒரு சொந்தக்காரி.

ஹனா யாருக்கும் தொல்லை தராத பிள்ளை. பிள்ளைகள் தொப்பி எடுத்தால் தானும் எடுப்பாள், கைகழுவப் போனால் வரிசையில் நிற்பாள், வட்டமாக உட்கார்ந்தால் உட்காருவாள். பேசமாட்டாள். ஆங்கிலம் தெரியாததால் என்று முதலில் விட்டுவிட்டோம். பிறகு நான் தமிழில் பேசிப் பார்த்தேன். என் முகத்தை உற்றுப் பார்த்துப் புன்னகைத்தாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நிலையத்தின் பொறுப்பாளர் ஹெலன். நல்ல மனிதர், அடுத்தவரைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவலையிலேயே நாளைக் கழிப்பவர். ஒருநாள் தேநீர் வேளையில் மெல்லக் கேட்டார்: உங்கள் கலாசாரத்தில் பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் அமைதியாக இருப்பது வழக்கம்தானே? ஆம், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்றேன். அதில் பொய்யில்லை. ஹெலன் நிம்மதியாகத் தலையசைத்தார். கலாசாரம் என்ற சொல் இந்த நாட்டில் மிகுந்த மரியாதைக்குரியது. அது சொல்லப்பட்டதும் எல்லாரும் ஓரடி பின்வாங்கி நின்றுவிடுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

3

கண்டிப் பக்கத்து முன்பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நாங்கள் பிள்ளைகளுக்குக் கோரஸில்தான் எல்லாவற்றையும் கற்பித்தோம். படத்தைத் தூக்கிப் பிடித்து "இது என்ன? யா..." என்று இழுத்தால், "...னை" என்று முப்பது குரல்கள் முடித்து வைக்கும். பாதிச் சொல் ஆசிரியையுடையது, மீதி பிள்ளைகளுடையது. கண்டிக்குப் போகும் பஸ்களின் ஹோர்ன் சத்தத்தையும் மீறி அந்தக் கோரஸ் தெருவுக்குக் கேட்கும். பெற்றோர் அதைக் கேட்டே பள்ளியின் தரத்தை மதிப்பிட்டார்கள்.

முப்பது பேர் சேர்ந்து சொல்லும்போது யார் சொல்லவில்லை என்று தெரியாது. வாய் அசைந்தால் போதும்.

சத்தம் போடாத பிள்ளையை நாங்கள் மெச்சினோம். பயிற்சிக் காலத்தில் எங்களை மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துப் போனார்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போயிருக்கும் நேரம் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. உத்தரத்தில் ஒரு தராசு. பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்து எடையைக் குறித்தோம். எடை கூடியிருந்தால், பிள்ளை அழாமல் இருந்தால், நலம். நலம் என்பதற்கு அப்போது எங்களிடம் வேறு அளவு இருக்கவில்லை. இடைவேளையில் பாலூட்ட ஓடிவந்த ஒரு தாய், மழைக்குத் தலைமேல் போர்த்திய கொங்காணியைக்கூடக் கழற்றாமல், "எம் புள்ள சத்தமே போடாதுங்க டீச்சர், இருக்கிற எடமே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார். நாங்களும் பெருமையாகவே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சிறுவர் உரிமைகள் பற்றியும் படித்தோம். வகுப்புச் சுவரில் வண்ணப்படம் ஒன்று தொங்கியது. வீடு, சோற்றுக்கோப்பை, புத்தகம், ஊசி போடும் டொக்டர். கடைசிக் கட்டத்தில் ஒரு பிள்ளை பேச, பெரியவர் ஒருவர் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த உரிமையையும் பிள்ளைகள் கோரஸாகத்தான் சொன்னார்கள்.

4

ரிஸானாவிடம் ஒருநாள் மாலை, மகள் வீட்டில் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டேன்.

"பேசுற டீச்சர். உம்மா என்பா, தா என்பா, வேணாம் என்பா. கொஞ்சம் தெளிவில்ல. அவட வாப்பாவும் சின்னதில லேட்டாத்தான் பேசினாராம். மாமி சொன்ன."

"கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளா?"

"விளையாட்டுல ஈந்தா எந்தப் புள்ள திரும்பும்? தோள்ல தட்டினா உடனே திரும்புவா." பிறகு, நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கைத்தொலைபேசியை எடுத்தார். "இருங்க, ஸ்கூல் கொன்சேட்ட காட்டுறேன். எப்பிடி ஆடுறா பாருங்க. காது கேக்காத புள்ள இப்பிடி ஆடுமா?"

காதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

ஹனா ஊரில் போன முன்பள்ளியின் ஆண்டிறுதிக் கலைவிழாக் காணொளி அது. மேடையில் எட்டுப் பிள்ளைகள், தலையில் தங்கநிறத் தாள் கிரீடங்கள். எங்கள் ஊர்க் கலைவிழாக்களில் நன்றாக ஆடும் பிள்ளையை நடுவில் நிறுத்துவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து ஆடுவார்கள். ஹனா அந்த நடுப்பிள்ளைக்கு அடுத்து நின்றாள். பாட்டு தொடங்கியது. நன்றாகத்தான் ஆடினாள். கை, கால், சுற்று, எல்லாம் சரி. பாட்டின் பாதியில் அந்த நடுப்பிள்ளையின் கிரீடம் சரிந்தது. பிள்ளை இரண்டு கையாலும் அதைத் தூக்கிச் சரிசெய்தது. மறுகணம் ஹனாவும் இரண்டு கையையும் தூக்கி, நேராகவே இருந்த தன் கிரீடத்தைச் சரிசெய்தாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

"இந்த இடம் தான் டீச்சர்." ரிஸானாவும் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட மாமி இத எத்தின தரம் பாத்தீப்பா தெரியுமா? குடும்பத்தில எல்லார்ட போன்லயும் ஈக்கி."

பாட்டின் முடிவில் நடுப்பிள்ளை இடப்பக்கமாகத் தன் தாயைக் கண்டு கையசைத்தது. ஹனாவும் அதே பக்கம் கையசைத்தாள்.

"பாருங்க, நான் இந்தப் பக்கம் நின்டு படம் எடுக்கிற. இவ அந்தப் பக்கம் யாருக்கோ கை காட்டுற. மோட்டுப் புள்ள."

நான் கேட்டேன், "ரிஸானா, சத்தத்த நிப்பாட்டிட்டு இன்னொரு தரம் பாப்போமா?"

சத்தமில்லாமல் ஓடவிட்டார். பாட்டு இல்லாதபோது மேடையில் கண்கள்தான் தெரிந்தன. மற்றப் பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஹனாவின் கண்கள் பக்கத்துப் பிள்ளையை விட்டு ஒரு கணமும் அகலவில்லை. கிரீடம் சரிந்த இடம் வந்தது. ரிஸானா சிரிக்கவில்லை. கையசைக்கும் இடம் வருமுன்பே தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மகளின் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டினார். அது அவிழ்ந்திருக்கவில்லை.

5

இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாள்களிலேயே செவியைச் சோதித்துவிடுகிறார்கள். பிறகு வந்து சேரும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் சம்மதித்தால்தான் சோதனை. சோதனையில் குறை தெரிந்தால் அது மருத்துவப் பதிவாகும். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. ஒருவருடைய குறைபாட்டால் அரசுக்குப் பெருஞ்செலவு ஏற்படும் என்று கண்டால், குடும்பம் முழுவதற்கும் கதவை அடைக்கலாம். பிள்ளைகளை இவ்வளவு அருமையாகப் பேணும் ஒரு நாட்டின் சட்டத்தில் இப்படி ஒரு வாசகம் இருப்பதை என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் மாலை, மற்றப் பெற்றோர் போகும்வரை ரிஸானா காத்திருந்தார்.

"எங்கட மெடிக்கல் இன்னும் ரெண்டு மூணு மாசத்தில வரும் டீச்சர். அது முடியமட்டும் பொறுங்க. ஹெலன் கேட்டா, எங்கட ஊர் வழக்கம் என்டு சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க."

"அதுக்குப் பிறகு வீசா கையில வரும்வரைன்னு ஆகும். அதுக்குப் பிறகு ஸ்கூல் தொடங்கிரும். பிள்ளை பேச்சப் பிடிக்கிற வயசு இது, ரிஸானா. இது திரும்ப வராது."

"இந்த வீசா திரும்ப வருமா? அவர் அங்க வேலைய விட்டுட்டு வந்தீக்கார். திரும்பிப் போய் எந்தக் குசினியில நிப்பார்?" மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க சிட்டிசன் டீச்சர். ஒங்களுக்குச் சொல்ல லேசு."

அவர் சொன்னது உண்மை.

வீட்டில், பெயர் சொல்லாமல், என் மகளிடம் இதைச் சொன்னேன். பதினேழு வயது. மடியில் தூக்கிவந்த பிள்ளை. இப்போது தமிழில் தொடங்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில்தான் முடிக்கிறாள். "அம்மா, இட்ஸ் ஹர் ரைட். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு உரிமை என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி, திறந்தால் வரும். வீசாத் தாளில் தன் பெயர் இருக்கிறதா என்று அவள் ஒருநாளும் தேடியதில்லை. அதற்காகத்தானே வந்தோம் என்று நான் நிம்மதிப்பட வேண்டும். ஆனாலும் அன்றிரவு அவள் மீது எனக்குக் காரணமில்லாத கோபம் வந்தது.

யோசிக்க நிறைய இருந்தது. ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் ஹனா எல்லாவற்றையும் இழந்துவிடுவாள் என்று சொல்ல முடியாது. கண்டியிலும் செவியைச் சோதிப்பார்கள், கருவி மாட்டுவார்கள். ஆனால் அந்தக் குடும்பம் நொறுங்கிப்போகும். நொறுங்கிய வீட்டில் வளர்வதும் ஒரு பிள்ளையின் நலத்தைச் சேர்ந்ததுதானே? இப்படியும் எண்ணினேன், அப்படியும் எண்ணினேன். கடைசியில் என் முன் நின்றது ஒரு சின்ன விஷயம். ஹெலன் மறுபடி என்னிடம் கேட்பார். நான் வழக்கம் என்பேன். அந்தச் சொல்லோடு ஹனாவைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் நின்றுவிடும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் காதைப் பற்றித் தானே சொல்லத் தெரியாது. உலகம் முழுவதுமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

ரிஸானாவிடம் முதலில் சொன்னேன். "நாளைக்கு ஹெலன்கிட்ட இது ஊர் வழக்கமில்லன்னு சொல்லப் போறேன். சோதனைக்குக் கூட்டிட்டுப் போறதும் போகாததும் உங்க ரெண்டு பேர் கையில. யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. நான் பொய் சொல்லமாட்டேன், அவ்வளவுதான்."

"வெள்ளக்காரி யாராவது சொல்லியீந்தா எனக்கு இவ்வளவு நோவாது" என்றார் ரிஸானா.

அடுத்த நாள் ஹெலனிடம் அதைச் சொன்னேன். அன்று ஹனா வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. துணிக்கடைக்கு விஷயம் எட்டியது அந்த வாரத்தில்தான் இருக்க வேண்டும்.

6

பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "வெள்ளிக்கிழமை காலயில காது பாக்க நாள் தந்தீக்காங்க. டொக்டர்ட இங்கிலீஷ் எனக்கு வெளங்காது. வருவீங்களா?"

ரயிலில் ஹனா ஜன்னலோரம் இருந்தாள். "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும். போ என்டு மட்டும் சொன்னார்." ஒரு நிலையம் கடந்த பின், வெளியே பார்த்தபடி ரிஸானா சொன்னார்: "சிலநேரம் பாஸ் பண்ணிடுவா டீச்சர். அவ கெட்டிக்காரி."

சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த சிறிய அறை. நடுவில் தாழ்ந்த மேசை, வண்ணக் கட்டைகள், ஒரு தகர வாளி. சோதிப்பவர் இளம்பெண். ஹனாவுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, செய்து காட்டினார். கட்டையைக் காதருகே பிடித்துக் காத்திரு. சத்தம் வந்ததும் வாளிக்குள் போடு. ஹனா இரண்டாம் முறையே பிடித்துக்கொண்டாள். பார்த்துச் செய்வதில் அவளை யார் மிஞ்ச முடியும்?

அந்தப் பெண் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கருவியிடம் போய் அமர்ந்தார். ரிஸானா மகளுக்கு எதிரே, கண்ணாடிக்கு முதுகு காட்டி ஒரு கதிரையில் இருந்தார். நான் கதவோரம். ஒலிபெருக்கியில் வரும் சத்தம் எங்கள் மூவருக்கும் பொது.

முதல் ஒலி பலமாக வந்தது. ஹனா கட்டையைப் போட்டாள். அடுத்தது சற்றுக் குறைவு. கட்டை விழுந்தது. அடுத்தது இன்னும் குறைவு. அதுவும் விழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கும் ஒரு நம்பிக்கை எழுந்தது. நாங்கள் எல்லோரும் தவறாக நினைத்துவிட்டோமோ?

பிறகுதான் ரிஸானாவின் முகத்தைக் கவனித்தேன். ஒலி வரும்போது அவருடைய புருவம் ஒரு நூலளவு உயர்ந்து இறங்கியது. உடனே கட்டை விழுந்தது. அடுத்த ஒலி எனக்கே மங்கலாகத்தான் கேட்டது. புருவம் உயர்ந்தது. கட்டை விழுந்தது. ஹனாவின் கண்கள் தாயின் முகத்தை விட்டு அகலவில்லை.

எழுந்து சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. ஒருமுறை சொன்னவள்தானே நான். இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை.

அடுத்த கட்டையை எடுக்கும்போது ஹனா தாயைப் பார்த்துச் சிரித்தாள். சரியாகச் செய்துவிட்டேன் என்ற சிரிப்பு. எல்லாரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்கும் சிரிப்பு. ரிஸானா பதிலுக்குச் சிரிக்க முயன்றார். உதடு வளைந்தது, நின்றது. பிறகு அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஒலி வந்தது. ஹனா கட்டையைக் காதருகே பிடித்தபடி மூடிய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி, சற்றுப் பலமாக. அவள் அசையவில்லை. தாயிடம் ஒன்றும் கிடைக்காமல், மெல்லத் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். நானும் கண்களை மூடிக்கொண்டேன்.

இருட்டில் காத்திருந்தேன். ஒலி மறுபடி வந்தது. இன்னும் பலமாக வந்தது. அதற்கு மேலும் பலமாக வந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு முறையும் வாளி சும்மா இருந்தது. கடைசியில் காதை அடைக்கும் அளவுக்கு ஓர் ஒலி வந்தது. நான் திடுக்கிட்டேன். அதன் பின்னால், தகரத்தில் கட்டை விழுந்தது.

நான் கண்களைத் திறந்தேன். கண்களைத் திறக்காமலே ரிஸானா கேட்டார்:

"இப்ப அவளுக்குக் கேட்டிச்சு, என்ன டீச்சர்?"

"ஆமா ரிஸானா. கேட்டுச்சு."